திரையில் வரும் உடற்பயிற்சி ஆசிரியர்



தோட்டத்திலே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் பொழுது விடியுமுன்னே மணி அடிக்கும். லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். குளிருக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆணும் பெண்ணும் திடலில் வந்து நிற்பார்கள். தண்டல் பெயர் கூப்பிடுவார். அந்த ஒரு குரலுக்கு நூறு பேர் அசைந்து, வரிசை பிரிந்து, அவரவர் நிரையை நோக்கி நடப்பார்கள். அதற்குப் பிறகு மத்தியானம் வரை உடம்புக்கு ஓய்வு ஏது? நாளொன்றுக்கு 400, 500 மரம் வெட்ட வேண்டும். மரத்துக்கு மரம் குனிய வேண்டும், நிமிர வேண்டும், வெட்டுப் பட்டையைச் சுற்றிக் காலை மாற்றி வைத்து நகர வேண்டும். கடைசியில் இரண்டு வாளிப் பாலையும் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்துகொண்டு மேடு பள்ளம் பாராமல் நடக்க வேண்டும்.

ஒரு நாள் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிடுகிறார்கள். மறுநாள் பெயர் கூப்பிட ஆளில்லை. நாற்பது வருடம் ஒரு குரலுக்கு எழுந்து நடந்த உடம்பு, அந்தக் குரல் நின்றதும் தானும் நின்றுவிடுகிறது. வாசலில் ஒரு நாற்காலி, எதிரே தொலைக்காட்சி, பக்கத்தில் கோப்பி. பேரப்பிள்ளைகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள். இதைப் பாசம் என்று நாம் நினைக்கிறோம். பாசம்தான். ஆனால் அந்தத் தண்ணீரை அவரே எழுந்து போய் எடுத்துக் குடித்திருந்தால் அவருடைய முழங்காலுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

உடற்பயிற்சி என்று பேச்சை எடுத்தால் நம் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். “நாங்க செய்யாத எக்சர்சைஸா டீச்சர்? காண்டா தூக்கின தோளு இது” என்று ஒரு தாத்தா என்னிடம் தோளைத் தட்டிக் காட்டினார். அவர் சொல்வதில் உள்ள பெருமையை நான் மதிக்கிறேன். ஆனால் தசையின் பலம் ஊழியர் சேமநிதியைப் போல அல்ல. வேலை செய்த காலத்தில் சேர்த்து வைத்து, ஓய்வு காலத்தில் எடுத்துக்கொள்ள முடியாது. பயன்படுத்தாவிட்டால் கரைந்துவிடும். வயதான ஒருவர் பத்து நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தாலே தொடைத் தசை மெலிந்துபோகிறது. தொடையில் பலம் குறைந்தால் எழுந்திருக்கும்போது தள்ளாட்டம், தள்ளாட்டத்தால் பயம், பயத்தால் மேலும் உட்கார்ந்தே இருத்தல் என்று அது வளர்ந்துகொண்டே போகிறது. கடைசியில் ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுவார். இடுப்பு எலும்பு முறியும்.

உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கைப் பாருங்கள். கீழே விழுந்து இறப்பவர்கள் உலகம் முழுவதிலும் ஆண்டுக்கு 6 லட்சத்து 84 ஆயிரம் பேர். இவர்களில் அதிகம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். ஆகவே, முதியவர்கள் கால் பலத்தையும் உடல் நிதானத்தையும் வளர்க்கும் பயிற்சிகளை வாரத்தில் 3 நாளாவது செய்ய வேண்டும் என்று அந்த நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில் கூறுகிறது.

சரி, யார் சொல்லிக் கொடுப்பது? தோட்டத்துக்கு உடற்பயிற்சி ஆசிரியர் வருவாரா? வரமாட்டார். ஆனால் கைப்பேசியில் வருகிறார், தொலைக்காட்சித் திரையில் வருகிறார். ஆயிரக்கணக்கான வீடியோக்கள் இருக்கின்றன. இந்தத் திரை ஆசிரியரை நம் பெரியவர்கள் எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள், அவரை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன். புத்தகத்தில் படித்ததைவிட என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி நடந்ததையே அதிகம் சொல்லப்போகிறேன்.

எங்கள் பள்ளி ஜொகூரின் நடுப்பகுதியில் குளுவாங் வட்டாரத்தில் இருக்கிறது. சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது செம்பனை. பள்ளிக்கு அருகிலேயே பால் வெட்டி ஓய்வு பெற்ற ஓர் அம்மாள் தனியாக இருக்கிறார். அப்போது அவருக்கு வயது 71. அவருடைய ஒரே மகள் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. ஜொகூர் தோட்டங்களில் இப்படி எத்தனை வீடுகள் என்று உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை பாலத்தைத் தாண்டி வருவார், அம்மாவுக்கு மருந்து, சாமான் எல்லாம் வாங்கி வைத்துவிட்டு ஞாயிறு மாலை திரும்புவார்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பாலம் மூடப்பட்டது. மகள் அந்தப் பக்கம், தாய் இந்தப் பக்கம். இரண்டு வாரம் என்றார்கள், பிறகு நீண்டுகொண்டே போனது. இடையில் வந்துபோகச் சில ஏற்பாடுகள் செய்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் தனிமைப்படுத்தல், அதற்கான செலவு, வேலை போய்விடுமோ என்ற பயம் எல்லாம் சேர்ந்து அந்த மகளை வரவிடவில்லை.

அம்மாள் வீட்டுக்குள்ளேயே இருந்தார். கோயில் இல்லை, சந்தை இல்லை, அடுத்த லயத்துக்குப் போய்க் கதை பேசுவதும் இல்லை. மூன்றாம் மாதம் எழுந்திருக்கவே நாற்காலியின் கையை இரண்டு கையாலும் ஊன்ற வேண்டியிருந்தது. மகள் அதைக் காணொளி அழைப்பிலேயே கவனித்திருக்கிறார். உடனே ஓர் உடற்பயிற்சி வீடியோவைத் தேடி அனுப்பினார். நல்ல எண்ணம்தான். ஆனால் அதில் வந்தவர் ஓர் இளைஞர். பின்னால் தடதடவென்று இசை. ஆங்கிலத்தில் எண்ணிக்கை. இப்படிக் குதி, அப்படித் திரும்பு என்று அவர் போகிற வேகத்துக்கு எங்கள் பள்ளிப் பிள்ளைகளே ஈடுகொடுக்க மாட்டார்கள்! அம்மாள் மகள் அனுப்பியதாயிற்றே என்று தானும் திரும்பியிருக்கிறார். கால்விரல் பாயில் மாட்டிக்கொண்டது. முழங்கால் தரையில் மோத விழுந்துவிட்டார்.

நல்ல வேளையாக எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடக்கவே பயந்தார். நான் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று பேசினேன். “அந்தப் பையன் நல்லாத்தான் செய்யிறான் டீச்சர். நான் விழுந்த பிறகும் நிக்காம செஞ்சுக்கிட்டே இருந்தான்” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் என்னவோ செய்தது. திரையில் வரும் ஆசிரியரைப் பற்றி நான் கேட்ட சொற்களில் இதைவிடச் சரியான சொல் வேறு இல்லை. நாம் அவரைப் பார்க்கிறோம். அவர் நம்மைப் பார்ப்பதில்லை.

மகள் அதன்பிறகு வீடியோ அனுப்புவதை விட்டுவிட்டார். தாமே ஆசிரியரானார். வேலை முடிந்து தம் அறைக்கு வந்ததும் இரவு 7 மணிக்குக் காணொளி அழைப்பு எடுப்பார். அங்கே அவர் ஒரு நாற்காலி போட்டுக்கொள்வார், இங்கே அம்மாள் ஒரு நாற்காலி. கைப்பேசியை எங்கே வைப்பது என்பதே முதலில் பெரிய சிக்கல். மேசை மேல் படுக்க வைத்தால் மகளுக்குக் கூரைத் தகரம்தான் தெரிந்தது. பிறகு மைலோ டின்னில் சாய்த்து வைத்தார்கள், முகம் மட்டும் தெரிந்தது, கால் தெரியவில்லை. கால் பயிற்சிக்குக் கால் தெரியாவிட்டால் என்ன பயன்? அப்போது ஆறாம் வகுப்பில் இருந்த என் மகனை அனுப்பினேன். அவன் வாசற்படிக்கு வெளியே நின்று, டின்னை ஸ்டூல் மேல் ஏற்றி ஆறடி தள்ளி வைக்கச் சொன்னான். தலையிலிருந்து பாதம் வரை தெரிந்தது.

அடுத்த சிக்கல் நான் எதிர்பார்த்ததே. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு உடற்கல்வி சொல்லிக் கொடுத்தபோது முதலில் கற்றுத் தந்தது இதைத்தான். பிள்ளைகளுக்கு எதிரே நிற்கும் ஆசிரியர் “வலது கை” என்று சொல்லிவிட்டுத் தம் இடது கையைத் தூக்க வேண்டும். அப்போதுதான் கண்ணாடியில் பார்ப்பது போலப் பிள்ளைகள் சரியாகச் செய்வார்கள். மகளுக்கு இது தெரியாது. வலது என்று சொல்லித் தம் வலது கையைத் தூக்கினார். அம்மாளுக்கு அது இடப்பக்கமாகத் தெரிந்தது. காது ஒன்று சொல்கிறது, கண் ஒன்று சொல்கிறது. கையானால் பரவாயில்லை. ஒற்றைக் காலைத் தூக்கும்போது இப்படிக் குழம்பினால் விழுவதற்கு வேறு காரணம் வேண்டாம். இதைச் சொன்னேன். மகள் ஒரு வழி கண்டுபிடித்தார். வலது இடது என்ற சொற்களையே விட்டுவிட்டு, “சோத்துக்கைப் பக்கத்துக் காலும்மா” என்றார். அம்மாளுக்கு அதில் குழப்பமே வரவில்லை. சாப்பிடும் கை எது என்று யாருக்குத்தான் தெரியாது?

படம் இல்லாமல் சொல்லால் மட்டும் பயிற்சி சொல்லித் தர முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியும். வெகு காலமாகவே செய்து வருகிறார்கள், அதுவும் வானொலியில். 1925ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் ஆயுள் காப்புறுதி நிறுவனம் காலை நேரத்தில் வானொலி வழியாக உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தது. மக்கள் நீண்ட நாள் வாழ்ந்தால் காப்புறுதி நிறுவனத்துக்கும் லாபம்தானே! அதைப் பார்த்த ஜப்பானியர் தங்கள் நாட்டில் 1928ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி வானொலி உடற்பயிற்சியைத் தொடங்கினார்கள். பியானோ வாசிப்பார்கள், ஒரு குரல் எண்ணிக்கை சொல்லும், ஊரே நின்று செய்யும். போருக்குப் பிறகு சில ஆண்டுகள் நின்றுபோய், 1951இல் புதிய வடிவத்தில் மீண்டும் வந்தது. இன்றும் நாள்தோறும் காலை 6.30 மணிக்கு ஒலிபரப்பாகிறது. முதல் பயிற்சியில் 13 அசைவுகள், எல்லாம் ஏறக்குறைய 3 நிமிடத்தில் முடிந்துவிடும். பூங்காக்களில் வானொலிப் பெட்டியைச் சுற்றி முதியவர்கள் கூடி நின்று செய்கிறார்கள். நிற்க முடியாதவர்கள் உட்கார்ந்தே செய்யும்படியாக 1999இல் வேறொரு பயிற்சியையும் அமைத்தார்கள். அங்கே தொலைக்காட்சியில் இதைக் காட்டும்போது நிற்பவர்களோடு ஒருவர் நாற்காலியில் அமர்ந்தும் செய்து காட்டுகிறார். நம் வீடுகளுக்கு வரும் வீடியோக்களில் எத்தனை பேர் அப்படி ஒரு நாற்காலியைப் போடுகிறார்கள்?

இந்தப் பயிற்சி மலாயாவுக்கும் வந்தது. ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் “தாய்சோ” என்று வரிசையில் நிறுத்திச் செய்யவைத்தார்கள். என் தாத்தா அப்போது பள்ளிப் பிள்ளை. நான் சிறுமியாக இருந்தபோது “இச்சி, நி, சான், சி” என்று எண்ணிக்கொண்டே கையை வீசிக் காட்டுவார். நான் சிரித்தால் அவர் சிரிக்கமாட்டார். அதே ஆண்டுகளில்தான் நம் தோட்டத்து ஆட்களை ஆயிரமாயிரமாகச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. ஆகவே அந்த எண்ணிக்கை நமக்கு இனிய நினைவு அல்ல. ஆனாலும் பல வருடம் கழித்தும் அந்த அசைவுகளைத் தாத்தாவின் கைகள் மறக்கவில்லை. தினமும் ஒரே நேரம், ஒரே வரிசை, ஒரே எண்ணிக்கை என்றால் உடம்பு பிடித்துக்கொள்கிறது. நாளுக்கு ஒரு புது வீடியோ தேடுகிறவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறொரு முயற்சியும் நடந்தது. சிங்கப்பூரில் நீ ஆன் பல்துறைத் தொழிற்கல்லூரியில் முதியவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் இயந்திர மனிதன் ஒன்றை உருவாக்கினார்கள். ‘ரோபோகோச்’ என்று பெயர். 2015ஆம் ஆண்டில் முதியோர் நடவடிக்கை மையங்களில் அதைக் கொண்டுவந்தார்கள். உலோகக் கைகள், முகத்துக்குப் பதில் ஒரு திரை. அது கையைத் தூக்கும், முதியவர்களும் தூக்குவார்கள். எதிரே இருப்பவருடைய அசைவை உணரும் கருவியும் அதில் உண்டு. வீடியோவில் வரும் இளைஞரைவிட இது ஒரு படி மேல் அல்லவா? ஆனால் அந்த இயந்திரத்துக்கும் கைகள்தாம் உண்டு, நம்மைப்போல ஊன்றி நிற்கும் கால்கள் இல்லை. கீழே விழாமல் இருக்கத் தேவைப்படும் பயிற்சியோ காலுக்குத்தான்.

இந்தச் செய்தியை எங்கள் தோட்டத்துத் தாத்தா ஒருவரிடம் சொன்னேன், தோளைத் தட்டிக் காட்டினாரே, அவரேதான். “பொம்மை வந்து என்னை வேலை வாங்குதா?” என்றார். இப்போது அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு அந்த அம்மாள் வீட்டு முன்தாழ்வாரத்துக்கு இன்னும் நாலு பேர் வரத் தொடங்கினார்கள். மூன்று பாட்டிமார், இந்தத் தாத்தா. மகள் அழைக்கும் நாட்களில் மகளோடு செய்தார்கள். மகளுக்கு இரவு வேலை இருக்கும் நாட்களில், நாங்கள் தேடிப்பார்த்துத் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு வீடியோவைப் பெரிய தொலைக்காட்சியில் போட்டுச் செய்தார்கள். அதில் சொல்லிக் கொடுப்பவரும் தலை நரைத்தவர். மெதுவாகச் செய்வார். “நரைச்ச தலையைப் பாத்தாத்தான் நம்பிக்கை வருது” என்று ஒரு பாட்டி சொன்னார்.

ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதம். ஒரு பாட்டிக்குத் திரை ஆசிரியரைத்தான் மிகவும் பிடித்தது. தப்பாகச் செய்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள், முடியாவிட்டால் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து போடலாம், கோபித்துக்கொள்ளமாட்டார். தாளில் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதே என்று வாழ்நாள் முழுவதும் கூச்சப்பட்ட ஒருவருக்கு, கோபிக்காத ஆசிரியர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஓர் ஆசிரியையாக நான் யோசித்துப் பார்த்தேன். இன்னொரு பாட்டிக்கு அதே காரணத்தால் பிடிக்கவில்லை. “பேசினா பதில் சொல்லாத வாத்தியார் என்ன வாத்தியார்? கால் வலிக்குதுன்னு சொன்னா கேக்கணுமா இல்லையா?” என்றார். மூன்றாமவர் பயிற்சிக்காக வரவே இல்லை, முடிந்த பிறகு குடிக்கும் கோப்பிக்காகவும் பேச்சுக்காகவும் வந்தார். வந்த இடத்தில் பயிற்சியும் செய்தார். செய்தவரை லாபம்தானே.

நம் தாத்தா என்ன செய்தார் தெரியுமா? ஒரு நாள் நான் எட்டிப் பார்த்தபோது, திரையில் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது, பாட்டிமார் எழுந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறார்கள், இவர் பின்வரிசையில் கால்மேல் கால் போட்டுக் கோப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். “என்ன தாத்தா?” என்றேன். “அவன் எண்ணட்டும் டீச்சர். நான் செஞ்சா என்ன, செய்யாட்டி என்ன, அவனுக்குத் தெரியவா போவுது?” என்றார். ஆனால் மகள் அழைக்கும் நாட்களில் அவர் ஏமாற்றவில்லை. “தாத்தா, உங்க காலைக் காணோமே” என்று ஜூரோங்கிலிருந்து ஒரு குரல் வந்தால் உடனே எழுந்து நிற்பார். பார்க்கிற கண் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால்தான் அவருக்கு உடம்பு அசைகிறது. நம்மில் பலருக்கும் அப்படித்தான். பெரட்டில் பெயர் கூப்பிட்டது வேலைக்காக மட்டும்தானா? வராதவர் யார் என்று அங்கே தெரிந்துவிடும். ஒருவர் வராவிட்டால் என்ன உடம்புக்கு என்று கேட்க ஆள் போகும்.

இது எங்கள் தாழ்வாரத்தில் மட்டும் கண்ட உண்மை அல்ல. நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் முதியோருக்கென்று ஒரு வீட்டுப் பயிற்சியை வகுத்தார்கள். 1990களில், 80 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடம் அதை முதலில் சோதித்தார்கள். பயிற்சி தெரிந்த ஒருவர் முதலில் சில முறை வீட்டுக்கே நேரில் வந்து, அவரவர் உடம்புக்கு ஏற்றபடி சொல்லிக் கொடுப்பார். பிறகு தொலைபேசியில் அழைத்து, எப்படிப் போகிறது என்று விசாரிப்பார். அவ்வளவுதான். நான்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, விழுவது நூற்றுக்கு 35 என்ற அளவில் குறைந்திருந்தது. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் 70 வயதைத் தொட்டவர்களும் தாண்டியவர்களுமாக 503 பேரைக்கொண்டு நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. அதில் ஒரு பிரிவினருக்குப் பலகைக் கணினி வழியாக, உடல் நிதானத்துக்கான பயிற்சியை வீட்டிலேயே வாரம் 2 மணி நேரம் செய்யும்படி ஏற்பாடு செய்தார்கள். முதல் ஆண்டில் விழுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2 ஆண்டு முடிவில் பார்த்தால், பயிற்சி பெற்றவர்கள் விழுவது நூற்றுக்கு 16 என்ற அளவில் குறைவு. ஆக, திரையும் பலன் தருகிறது. ஆனால் பொறுமை வேண்டும். ஒரு மாதம் செய்துவிட்டு ஒன்றும் தெரியவில்லையே என்று நிறுத்தினால் ஒன்றும் தெரியாதுதான்.

இனி, வீட்டில் எப்படித் தொடங்குவது என்று சொல்கிறேன். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் சற்றுக் கவனமாகக் கேளுங்கள்.

முதலில் நாற்காலி. நம் வீடுகளில் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அடுக்கி வைக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளே அதிகம். அவை இந்த வேலைக்கு உதவா. எழும்போது பின்னால் நழுவும், சிமெண்டுத் தரையில் கால் விரியும். கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பாயைச் சுருட்டி வையுங்கள். வழுக்கும் ஜப்பான் செருப்பும் வேண்டாம், காலுறை மட்டும் போட்டுக்கொண்டும் வேண்டாம். நன்றாகப் பிடிக்கும் காலணி இருந்தால் நல்லது. நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதம் மரத்திருக்கும், தரையில் கிடக்கும் ஆணி குத்தினாலும் தெரியாது. அவர்கள் வெறுங்காலோடு செய்யவே கூடாது.

திரையைக் கண்ணுக்கு நேரான உயரத்தில் வையுங்கள். குனிந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே ஒற்றைக் காலில் நின்றால் தலை சுற்றும். சிறிய திரையில் எழுத்தும் தெரியாது, பெரியவர் இன்னும் குனிவார். அசைவுகள் மனப்பாடமாகும் வரைதான் திரை வேண்டும். பிறகு குரல் மட்டும் போதும்.

பயிற்சி என்ன? கையை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, தொப்பென்று விழாமல் மெதுவாக உட்கார வேண்டும். இதுதான் முதலாவது, இதுதான் முக்கியமானது. 30 வினாடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று பேரப்பிள்ளை எண்ணட்டும். 65 முதல் 69 வயதுக்குள் உள்ள ஆண் 12 முறைக்குக் குறைவாகவோ, பெண் 11 முறைக்குக் குறைவாகவோ எழுந்தால் கால் பலம் குறைவு என்று அமெரிக்க நோய்த் தடுப்பு நிலையத்தார் கணக்கு வைத்திருக்கிறார்கள். கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் ஊன்றியே தொடங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்தது, சமையலறைத் திட்டைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குதல். உயரத்தில் இருக்கும் உறியில் எட்டிப் பார்ப்பது போல. மூன்றாவது, அதே திட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் நடத்தல். இவை பழகிய பிறகு, ஓர் ஆள் அருகில் நிற்க, ஒற்றைக் காலில் பத்து எண்ணும் வரை நிற்கலாம். இந்த நாலும் போதும் தொடக்கத்துக்கு.

முதல் இரண்டு வாரம் கட்டாயம் ஒருவர் கூட நிற்க வேண்டும். கூட நிற்பவர் திரையைப் பார்க்கக் கூடாது, பெரியவரைப் பார்க்க வேண்டும். மூச்சு வாங்கினாலும் பேச முடிகிறதா? முகம் வெளுக்கிறதா? நெஞ்சில் வலி, மயக்கம், ஒரு பக்கம் கை கால் சோர்வு என்றால் அந்த நிமிடமே நிறுத்தி 999க்கு அழைக்க வேண்டும். இருதய நோய், இரத்தக் கொதிப்பு, சமீபத்தில் விழுந்த காயம் உள்ளவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் மருந்து வாங்கப் போகும் நாளில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பட்டணத்துப் பக்கம் குடிபோனவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. சமூகநலத் துறை 60 வயதானவர்களுக்கு முதியோர் நடவடிக்கை மையங்களை நடத்துகிறது. ‘பாவே’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். அங்கே திரை வேண்டாம், ஆளே இருப்பார்.

பிள்ளைகளுக்கு ஒன்று. வீடியோவை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள். அனுப்புமுன் நீங்களே ஒரு முறை முழுதும் செய்து பாருங்கள், உங்கள் அம்மாவின் முழங்காலை மனத்தில் வைத்துக்கொண்டு. பிறகு வாரத்தில் இரண்டு நாளாவது எதிரே உட்கார்ந்து செய்யுங்கள், கைப்பேசியில் ஆனாலும் சரி. டாப் அப் பத்து வெள்ளி கூடச் செலவாகலாம். ஆகட்டுமே.

அந்த அம்மாளின் கதையை முடித்துவிடுகிறேன். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி பாலம் முழுத் தடுப்பூசி போட்டவர்களுக்குப் பழையபடி திறந்தது. மறுநாள் சனிக்கிழமை, மகள் வந்து சேர்ந்தார். இரண்டு வருடம் ஆகியிருந்தது. வண்டிச் சத்தம் கேட்டதும் அம்மாள் நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்து வாசலுக்கு வந்ததை நான் என் வீட்டு முன்னாலிருந்து பார்த்தேன். மகள் அழுதார். அம்மாள் அழவில்லை, பையை வாங்கிக்கொண்டார்.

அன்று இரவு 7 மணிக்கு வழக்கம்போல எல்லாரும் தாழ்வாரத்தில் கூடினார்கள். ஸ்டூல் இல்லை, மைலோ டின் இல்லை. மகள் நேரிலேயே எதிரில் நின்றார். கையைத் தூக்கும் நேரம் வந்தது. இத்தனை நாளும் திரையில் பார்த்த பிள்ளையை ஆளாகப் பார்த்ததில் அம்மாளுக்கு எந்தக் கை என்று மறந்துபோய்விட்டது. “சோத்துக்கைம்மா” என்றார் மகள். பின்வரிசையில் தாத்தா, யாரும் சொல்லாமலே கோப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.